பரோலோ மணக்காத வீடு

ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கிய சற்று நேரத்தில் என் கறிவேப்பிலை பறிபோனது. கையுறை போட்ட அதிகாரி, "பச்சை இலை எதுவும் உள்ளே வரக் கூடாது" என்று சொல்லி, கட்டு முழுவதையும் தொட்டியில் போட்டார். குரலில் ஒரு சிநேகம் இருந்தது, இலைதான் திரும்பவில்லை. மஞ்சள்தூள் பொட்டலத்தை மட்டும் மேலே ஒட்டியிருந்த லேபிளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முகர்ந்து பார்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஈரோட்டில் ஒரு மசாலாக் கம்பெனிக்கு மஞ்சள் வாங்கிக் கொடுப்பது என் வேலை. மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு விரலி மஞ்சளை உடைத்து, முகர்ந்து பார்த்து, எடு அல்லது வேண்டாம் என்று சொல்வேன். லேபிளைப் படித்து எதையும் வாங்கியதில்லை.

நான் ஊர் சுற்றப் போகவில்லை. தங்கை உமாவுக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் முடிந்திருந்தது. குனியக் கூடாது, அதிக நேரம் உட்காரவும் கூடாது. சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

விமான நிலைய வாசலில் குடையோடு நின்றார் அவள் கணவர் தாசன். "வாங்கோ அக்கா, பயணமெல்லாம் எப்படி?" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார். யாழ்ப்பாணத்திலிருந்து சின்ன வயதிலேயே அகதியாக வந்தவர். ஓர் இத்தாலிய ரெஸ்டாரண்டில் தட்டு கழுவப் போய், அங்கேயே ஒயின் கற்றுக்கொண்டு, இப்போது இத்தாலிய ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் எதை வாங்கலாம் என்று முடிவு செய்பவராக இருந்தார். உமா இங்கே படிக்க வந்த இடத்தில் அவரைக் கட்டிக்கொண்டாள். "சாராயக் கம்பெனியிலயா வேலை?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆக்லாந்தின் புறநகரான பக்குரங்காவில் மரச்சுவர் வைத்த வீடு. ஜூலை மாதம், நல்ல குளிர்காலம். மழை நின்றால் காற்று, காற்று நின்றால் மழை. உமா முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தாள். வலி மாத்திரையில் கண் சொருகியிருந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, நீ கெழவி ஆயிட்டியே" என்று அழுதாள்.

மறுநாள் ரசம் வைத்தேன். பெருங்காய டப்பாவைத் திறந்தால் காலி. சரி, ஒரு நாளைக்கு இல்லாவிட்டால் என்ன என்று பூண்டைத் தட்டிப் போட்டு இறக்கினேன். தாசன் வேலையிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றிக்கொண்டே, "பெருங்காய வாசம் ரோட்டுவரைக்கும் வருது அக்கா" என்றார்.

உள்ளேயிருந்து உமா சிரித்தாள். "அவரு மூக்குதான்க்கா இந்த வீட்டுக்கே சோறு போடுது."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர்களின் உபசாரம் அப்படி.

வார இறுதியில் என்னை ஈஸ்ட் டாமாக்கியில் இருக்கும் அவர் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் தொழிற்சாலைகளும் கிடங்குகளும்தான். அவர்கள் கிடங்கு சின்னது. உள்ளே வெளியை விடக் குளிர். தரையிலிருந்து கூரை வரை அட்டைப்பெட்டிகள். அவற்றின் நடுவே நடக்கும்போது தாசனின் நடையே மாறிவிட்டது. சொந்தத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறவர் மாதிரி இருந்தார்.

"இத்தாலியில இருபது மாநிலம் அக்கா. இருபதிலயும் திராட்சை இருக்கு. ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு இனம். பேர் சொல்லி முடியாது."

"எல்லாம் ஒயின்தானே மாப்பிள்ளை. இதுல எது ஒசத்தின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அதுக்குச் சட்டம் இருக்கு. நாலு படி." ஒரு பெட்டியின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "அடியில வெறும் வைன். எந்தத் திராட்சையும் போடலாம், கேள்வி இல்லை. அதுக்கு மேல ஐ.ஜி.டி. இன்ன பிரதேசத்துத் திராட்சை எண்டு பேர் போடலாம், மற்றபடி கட்டுப்பாடு குறைவு. மூண்டாவது டி.ஓ.சி. எந்த எல்லைக்குள்ள விளையோணும், எந்தத் திராட்சை, ஒரு தோட்டத்தில எவ்வளவு பறிக்கலாம், எவ்வளவு காலம் வச்சு விக்கோணும், எல்லாம் எழுதி வச்சிருக்கினம். உச்சியில டி.ஓ.சி.ஜி. கடைசியில வாற ஜி எண்டது உத்தரவாதம். ஒரு குழு இருந்து ருசி பாத்து ஓம் எண்டு சொன்னாத்தான் இந்தப் பட்டி."

பாட்டிலின் கழுத்தில் அரசாங்க எண் அச்சடித்த சின்னக் காகிதப் பட்டி ஒட்டியிருந்தது. எங்கள் ஈரோட்டு மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு உண்டு என்று சொன்னேன். "ஆனா அந்த முத்திரை குத்தின மூட்டையிலும் பூஞ்சை வந்திருக்கு மாப்பிள்ளை. நான் பாத்திருக்கேன்."

"வரும்தானே" என்றார். "சட்டம் திராட்சைக்குத்தான். தக்கைக்கு இல்லை."

பரோலோ என்ற சிவப்பு ஒயினைத் திறந்தார். பியெமொந்தே என்ற வடக்கு மாநிலம். நெபியோலோ என்ற ஒரே ஒரு திராட்சை. வேறொன்றும் கலக்கக் கூடாது. மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்துதான் விற்கலாம். கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடினார். "ரோஜா. அதுக்குப் பின்னால தார். புது ரோட்டுத் தார்." என்னிடம் நீட்டினார். எனக்குக் குடிக்கிற பழக்கம் இல்லை. முகர்ந்து மட்டும் பார்த்தேன். முதலில் புளிப்பு. பிறகு, நம்ப முடியவில்லை, வாடின ரோஜா. அதற்கடியில் தாரும் இருந்தது. இந்த மனிதர் இந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று அன்றைக்கு நினைத்தேன்.

டஸ்கனி மாநிலத்தில் சிலர் இந்தச் சட்டத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு பிரெஞ்சுத் திராட்சையை நட்டார்களாம். அதனால் அடிமட்டப் படி லேபிள்தான் கிடைத்தது. ஆனால் குடித்துப் பார்த்தவர்கள் உச்சிப் படி ஒயினை விட அதிகம் கொடுத்து வாங்கினார்களாம். "அப்ப சட்டம் பெருசா, ருசி பெருசா?" என்று கேட்டேன். தாசன் கிடங்கு விளக்கை அணைத்தார்.

அடுத்த வாரம் நானே பஸ்ஸில் போய்க் காய்கறி வாங்கிவரத் துணிந்தேன். மாற வேண்டிய இடத்தில் எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த மலேசியத் தமிழ்ப் பெண் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, "அக்கா, நீங்க தப்பு பஸ் லா. இது ஒடாஹுஹு போகுது" என்றாள். ஒடாஹுஹுவில் இறங்கினேன். மழையில் கடைகள் நெரிசலாக இருந்தன. சேப்பங்கிழங்கு மாதிரி, ஆனால் தொடை அளவு கிழங்கு குவித்திருந்தார்கள். தலையில் பூச் செருகிய பெரிய உடம்புக்காரப் பெண்கள் அதைத் தட்டித் தட்டி வாங்கினார்கள். நானும் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, நனைந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வாசல்படி ஏறும்போதே காஸ் நாற்றம்.

கதவைத் திறந்ததும் மூச்சு அடைத்தது. அடுப்பில் தாசன் வைத்த கஞ்சி பொங்கி வழிந்து தீயை அணைத்திருந்தது. திருகு முழுசாகத் திறந்தபடி இருந்தது. அடுப்புக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தாசன் மேசையில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று வீட்டிலிருந்து வேலை. நான் பையைப் போட்டுவிட்டு ஓடி, திருகை மூடி, ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தேன். முன்னறையில் உமா மாத்திரைத் தூக்கத்தில் இருந்தாள். அவள் மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். இறங்கியது. அங்கேயும் ஜன்னலைத் திறந்துவிட்டு, மேலே இன்னொரு கம்பளி போர்த்தினேன்.

தாசன் என்னையே புரியாமல் பார்த்தார். "என்னக்கா, இந்தக் குளிருக்கை ஏன் ஜன்னலைத் திறக்கிறியள்?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. பெருங்காயம் போடாத ரசமும் ஞாபகம் வந்தது.

"மாப்பிள்ளை, உங்களுக்கு வாசம் தெரியாதா?"

அவர் அடுப்பைப் பார்த்தார். வழிந்த கஞ்சியைப் பார்த்தார். பிறகு முன்னறைக் கதவைப் பார்த்தார். பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு மழையில் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

கொரோனா வந்துபோன பிறகு இரண்டு வருஷமாக இப்படி என்றார். முதலில் காப்பி ரப்பர் எரிகிற மாதிரி இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. டாக்டர்கள் காத்திருக்கச் சொன்னார்கள். நாக்கு மட்டும் இருக்கிறது. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு தெரியும். மீதியெல்லாம் ஞாபகத்திலிருந்து சொல்கிறார்.

"எந்தத் தோட்டம், எந்த வருஷம், எந்தத் திராட்சை எண்டு தெரிஞ்சா, எப்படி மணக்கோணும் எண்டு எனக்குத் தெரியும். சட்டம் பாடம்தானே. அதை வச்சுச் சமாளிக்கிறன்."

"உமாவுக்கு?"

"தெரியாது." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டார். "வீடே மணக்கேல்ல அக்கா. ரெண்டு வருஷமா ஹோட்டல் ரூமில இருக்கிற மாதிரி."

என் கோபம் அடங்கவில்லை. இன்றைக்கே அவளிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் கை கூப்பினார். சனிக்கிழமை கம்பெனியில் பெரிய டேஸ்டிங், ஒயினை ருசி காட்டி விற்கிற கூட்டம். ரெஸ்டாரண்ட்காரர்கள் எல்லாரும் வருவார்கள். ஒரு வருஷத்து வியாபாரம் அன்றைக்குத்தான் முடிவாகும். தக்கையிலிருந்து சில பாட்டில்களுக்கு ஒரு கெட்ட வாசம் ஏறும். அதைக் கண்டுபிடித்து முதலிலேயே ஒதுக்க வேண்டும். இதுவரை கூட வேலை செய்த ஒருத்தர், விஷயம் தெரியாமலே, அதைச் செய்துகொடுத்துவந்தார். அவர் ஆஸ்திரேலியா போய்விட்டார். "உமா வேலைக்குப் போகேலாம இருக்கிறா. வீட்டுக்கு மோர்ட்கேஜ் கடன் இருக்கு. சனிக்கிழமை மட்டும் அக்கா. நீங்கள் வந்து மணந்து பாத்துச் சொன்னாப் போதும். அண்டைக்கு இரவே உமாவுக்கு நானே சொல்லுறன்."

நான் ஒத்துக்கொண்டேன். அடுப்பை மட்டும் நான் இருக்கிறவரை தொடக் கூடாது என்றேன்.

கெட்ட பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து பழக்கினார். பழக்கவே தேவைப்படவில்லை. ஈரச் சாக்கு. மழைக்காலத்தில் குடோன் மூலையில் கிடந்த மூட்டையைப் பிரித்தால் வருமே, அதே நாற்றம்.

சனிக்கிழமை காலையில் கிடங்கின் பின்னறையில் என்னை உட்கார வைத்தார். ஒவ்வொரு பாட்டிலிலும் கொஞ்சம் ஊற்றித் தருவார். முகர்ந்து தலையாட்டுவேன். கியாந்தி, புரூனெல்லோ என்று பேர் சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டுக்கும் அடிப்படை சாஞ்ஜொவேஸே என்ற ஒரே திராட்சைதான். ஊர் எல்லை மாறினால் பேரும் விலையும் மாறுகின்றன. வெரோனாப் பக்கம் திராட்சையை மாதக்கணக்கில் உலர்த்திச் செய்கிற அமரோனே உலர்ந்த பழ வாசத்தோடு வந்தது. சிசிலியின் கறுப்புத் திராட்சை ஒயின் நாகப்பழம் போல இருந்தது. இரண்டு பாட்டில்களை வேண்டாம் என்றேன். அதில் ஒன்றின் கழுத்தில் உத்தரவாதப் பட்டி ஒட்டியிருந்தது. ஏழு கடல் தாண்டி வந்து நான் செய்கிற வேலை ஈரோட்டில் செய்ததேதான் என்று நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் கூட்டம் வந்தது. கம்பெனி முதலாளி ஹெலன், அறுபது வயது இருக்கும், சுறுசுறுப்பான பெண்மணி. என்னைக் கைகுலுக்கி, "தாசனுடைய அக்காவா? இவர் மூக்கை வைத்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் காலி கிளாஸ்களைச் சேகரிக்கப் போய்விட்டேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. தாசன் பேசப் பேச ஆட்கள் நின்று கேட்டார்கள். மூன்று மணி வாக்கில் பரோலோ தீர்ந்துபோனது. அவர் வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்ததால், ஹெலனே உள்ளே போய் ஒரு புதுப் பாட்டில் எடுத்துவந்து, மேசையிலேயே தக்கையைப் பிடுங்கினாள். காலையில் நாங்கள் முகர்ந்து பார்க்காத பாட்டில். நகரத்தில் பெரிய ரெஸ்டாரண்ட் வைத்திருக்கும் ஒருவருக்கு ஊற்றினாள். தாசனைக் கூப்பிட்டு அவருக்கும் ஊற்றினாள். "இதைப் பற்றி இவருக்குச் சொல்லு."

நான் டிரேயோடு பக்கத்தில் நின்றேன். நின்ற இடத்துக்கே ஈரச் சாக்கு வாடை வந்தது.

தாசன் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். "ரோஜா. உலர்ந்த ரோஜா. பின்னால் தார், கொஞ்சம் காட்டுக் காளான்." குரல் அழகாக இருந்தது. ரெஸ்டாரண்ட்காரர் தன் கிளாஸை முகர்ந்து முகம் சுளித்தார். மறுபடி முகர்ந்தார். தாசனை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை தெரிந்த மனிதர் சொல்கிறாரே, தப்பு நம்மிடமோ என்கிற சந்தேகம் அவர் முகத்தில் தெரிந்தது. ஹெலன் தன் கிளாஸைத் தூக்கினாள்.

இன்னும் ஒரு நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அவராகவே நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. மெதுவாகத் தமிழில் சொன்னேன். "மாப்பிள்ளை, இது கெட்டது. விட்டிருங்க."

அவர் வாய் அப்படியே நின்றது.

"உன் அக்கா என்ன சொல்கிறார்?" என்றாள் ஹெலன்.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நேரமாகிவிட்டது என்கிறார், மழை வருகிறது என்கிறார். அங்கே வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. தாசன் கிளாஸை மேசையில் வைத்தார். "இந்தப் பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எனக்கு வாசம் தெரியாது, ஹெலன். ரெண்டு வருஷமாகத் தெரியாது."

பக்கத்து மேசைகளிலும் பேச்சு நின்றது. ரெஸ்டாரண்ட்காரர் மட்டும், தன்மேல் தப்பில்லை என்று தெரிந்த நிம்மதியில், மூச்சை விட்டார். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

ஹெலன் கத்தவில்லை. ரெஸ்டாரண்ட்காரருக்கு வேறு பாட்டில் திறந்து கொடுத்துவிட்டு, தாசனை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி வழியாக இரண்டு பேரும் தெரிந்தார்கள். ஒருகட்டத்தில் அவள் எழுந்து முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் முடிந்து தாசன் என்னைக் காரில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பக்குரங்கா சிக்னலில் நின்றபோது சொன்னார். "ரெண்டு வருஷமா நான் வாங்கினது எல்லாம் நல்லாத்தான் வித்திருக்கு அக்கா. அதையும் ஹெலனே சொன்னா. ஆனா இனி நான் ஒரு வைனை நல்லது எண்டு சொன்னா ஆர் நம்புவினம்?"

"வேலை?"

"கிடங்கில பெட்டி தூக்கிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டலாமாம். திங்கட்கிழமை வரச் சொன்னா."

சொன்ன வார்த்தைப்படி அன்று இரவே உமாவிடம் சொன்னார். நான் அடுப்படியில் இருந்தேன். வேலை போனதை அவள் கேட்டுக்கொண்டாள். மூக்கு போனதைச் சொன்னபோது, "அய்யோ, ஏங்க எங்கிட்டச் சொல்லல" என்றாள். பிறகு காஸ் விஷயத்தைச் சொன்னார்.

உமா கேட்டாள். "நான் உள்ள படுத்திருந்தனா?"

"ஓம்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"ஓம். நான்தான் சொல்ல வேண்டாமெண்டு சொன்னனான்."

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவில்லை. என்னோடும் தேவைக்கு மட்டும் பேசினாள். ஆள் வரவழைத்து காஸ் சிலிண்டரை எடுக்கச் செய்தாள். கரண்ட் அடுப்பு வந்தது. தாசன் விடியற்காலையில் எழுந்து, ஒளிரும் பச்சை ஜாக்கெட் போட்டுக்கொண்டு கிடங்குக்குப் போனார். சாயங்காலம் வந்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் எழுந்து போகமாட்டார். தூக்கம் வருகிறவரை அங்கேயே இருப்பார். மூன்று பேருக்கு ஆக்கிய சோற்றில் பாதி மிஞ்சியது. இதுவரை நான் போன எந்த ஊரிலும் இத்தனை அமைதியைப் பார்த்ததில்லை. எப்போது விமானம் ஏறுவோம் என்றிருந்தது. அப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நான் கிளம்புகிற நாள் காலையில் தாசன் என்னிடம் விடைபெற்றுக்கொண்டார். மத்தியானம் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி சொல்லியிருந்தது. அவருக்கு லீவு கேட்க மனசில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தேன். வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

முன்னறையில் ஏதோ உரசும் சத்தம். போய்ப் பார்த்தால், உமா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு பிடிக்க ஆள் இல்லாமல் அவள் நடந்ததில்லை. ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல்வரை போய்த் திரையை விலக்கினாள்.

வெளியே மழை தூறியது. தாசன் கார் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஏறி, ரிவர்ஸ் எடுத்து, சாலையைப் பார்த்தே ஓட்டிக்கொண்டு போனார். கார் திரும்புகிறவரை உமா நின்றாள்.

"பாத்தாரா?" என்று என்னைக் கேட்டாள்.

"இல்லடி."

"சரி." திரையை விட்டாள். கட்டிலுக்குப் போகவில்லை, வாக்கரை அவர் உட்காரும் நாற்காலிப் பக்கம் திருப்பினாள். "சாயங்காலம் வரட்டும். ஜன்னல்வரைக்கும் நடந்தேன்னு நானே சொல்லிக்கிறேன்."